முள்ளங்கி ஊறுகாய் கெடும் விதங்கள்: குறியைப் பார்த்துக் காரணம் பிடிக்க

மாடியில் முள்ளங்கி போட்டவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். ஒரே நாளில் தூவிய விதை ஒரே வாரத்தில் விளைந்து நிற்கும். பூசா சேட்கி போன்ற ரகம் 40 முதல் 45 நாளில் பிடுங்கும் பதத்துக்கு வந்துவிடும். பாவம் பார்த்து இன்னும் பத்து நாள் மண்ணில் விட்டால் உள்ளே பஞ்சாகும், தண்டு எழும்பிப் பூ எடுக்கும். கத்தரி, வெண்டை போல வேண்டியபோது வேண்டியதைப் பறித்துக்கொள்ளும் பயிர் இல்லை இது. சென்ற கார்த்திகையில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து ஒரே ஞாயிற்றுக்கிழமை எட்டுக் கிலோ இறங்கியது. சாம்பார், பொரியல், சப்பாத்திக்குள் துருவல் எல்லாம் ஆயிற்று. பக்கத்து வீட்டுக்காரர்கள் முதல் கட்டைச் சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். மூன்றாவது கட்டுக்குக் கதவு திறக்கவில்லை. மிச்சம் ஐந்து கிலோவுக்கு ஊறுகாய்தான் வழி.

அந்த வழியில் நான் கெடுத்த சாடிகள் மூன்று ஆண்டுகளில் ஏழு. ஏழுக்கும் அடிப்படைத் தவறு ஒன்றே: மாங்காய்க்குச் செய்வதை முள்ளங்கிக்குச் செய்தேன். மாங்காய், எலுமிச்சை, நார்த்தங்காய் மூன்றும் தம் புளிப்பாலேயே பாதிப் பாதுகாப்பைத் தேடிக்கொள்பவை. உப்பும் காரமும் போட்டு வெயிலில் வைத்தால் மீதியை அவையே பார்த்துக்கொள்ளும். முள்ளங்கிக்குப் புளிப்பு கிடையாது. எடையில் 95 சதவீதத்துக்குப் பக்கம் வெறும் தண்ணீர். ஆகவே தண்ணீரை நாம் எடுக்க வேண்டும், புளிப்பை நாம் கொடுக்க வேண்டும். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்று விட்டுப்போனதால் வருபவை.

கோளாறைத் தேடும் முன் உங்கள் சாடி எந்த வகை என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எண்ணெயில் வதக்கியதா, வினிகரில் போட்டதா, வெறும் உப்புநீரில் புளிக்க வைத்ததா? உப்புநீர்ச் சாடியில் குமிழ் வந்தால் எல்லாம் நல்லபடி நடக்கிறது என்று பொருள். அதே குமிழ் எண்ணெய்ச் சாடியில் வந்தால் குப்பைத்தொட்டி. வகை தெரியாமல் குறியை மட்டும் சொல்லி யோசனை கேட்டால் ஆளுக்கு ஒரு பதில்தான் கிடைக்கும்.

எண்ணெய் ஊறுகாய் இரண்டாம் நாளே குழம்பாகிவிட்டது

அடிக்கடி வருவது இதுதான். போட்ட அன்று கெட்டியாக, எண்ணெய் மினுங்க இருந்தது. மறுநாள் எண்ணெய்க்குக் கீழே சிவப்பாகத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. துண்டுகளில் இருந்த நீரை உப்பு வெளியே இழுத்துவிட்டது. சாடிக்குள் வெளியேறிய நீர், சாடிக்குப் போகும் முன்பே வெளியேறியிருக்க வேண்டும்.

முள்ளங்கியை விரல் நீளத் துண்டாகவோ கால் அங்குல வில்லையாகவோ நறுக்குங்கள். கிலோவுக்கு 50 கிராம் உப்புப் போட்டுப் பிசிறி நான்கு மணி நேரம் வையுங்கள். பிறகு பழைய வேட்டித் துணியில் மூட்டை கட்டி முறுக்கிப் பிழியுங்கள். முதல் முறை பார்ப்பவர்கள் வரும் நீரைக் கண்டு மலைத்துப் போவார்கள். (அந்த நீரைக் கொட்ட வேண்டாம். அன்றைய சாம்பாருக்கு உப்பு போடாமல் அதை ஊற்றினால் போதும்.) பிழிந்ததை முறத்தில் பரப்பி ஒரு நாள் நல்ல வெயில் காட்டுங்கள். துண்டை வளைத்தால் ஒடியாமல் தோல் போல வளைய வேண்டும். அதுதான் பதம். ஒரு கிலோ எங்கள் வீட்டில் அரைக் கிலோவுக்கும் குறைவாக இறங்கும். அதைப் பார்த்து மனம் தளரக் கூடாது.

வெயிலுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தால் விளைச்சல் வருவது வடகிழக்குப் பருவமழைக்கு நடுவில். வானம் மூடிய நாளில் மாடியில் பரப்பி வைத்து, தூறலுக்கு ஓடிப்போய் அள்ளி, மறுபடி பரப்பினால் முள்ளங்கி காயாது, ஊசிப் போகும். மழை நாளில் நான் செய்வது வேறு: நன்றாகப் பிழிந்து, மின்விசிறிக்குக் கீழே துணியில் ஓர் இரவு பரப்பி, மறுநாள் காலை அகலமான இரும்புச் சட்டியில் எண்ணெய் இல்லாமல் சிறு தீயில் புரட்டுவேன். ஆவி நின்றால் ஈரம் போயிற்று. அதன் பிறகுதான் எண்ணெய்.

ஏற்கெனவே நீர்த்துப்போன சாடியை முதல் இரண்டு நாளுக்குள் கவனித்தால் காப்பாற்றலாம். அனைத்தையும் சட்டியில் கொட்டி, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மிதக்கும்வரை சுண்ட வையுங்கள். கெட்டியாகக் கரைத்த புளி கொஞ்சம் சேருங்கள். ஆறிய பின் சாடியைக் கழுவித் துடைத்துக் காயவைத்து மாற்றுங்கள். மொறுமொறுப்பு போய்விடும், ருசி போகாது. ஒரு வாரம் வெளியே நின்ற பிறகு கவனித்திருந்தால் சுண்ட வைத்தும் பயனில்லை. கொட்டிவிடுங்கள்.

மூடியைத் திறந்தால் வீடெல்லாம் நாற்றம்

பதற வேண்டாம், முதலில் நாற்றத்தின் சாதியைப் பாருங்கள். முள்ளங்கியின் காரமே கந்தகம் கலந்த சேர்மத்தால் வருவது. நறுக்கும்போதும் பிழியும்போதும் அது விடுபட்டு, ஊறும்போது சிதைந்து, வேகவைத்த முட்டைக்கோசை மூடி வைத்தது போன்ற வாடையைத் தரும். இது கெட்டதற்கு அடையாளம் இல்லை. மூடியைத் திறந்து ஐந்து நிமிடம் காற்றாட விட்டால் பாதி குறையும். துண்டு மொறுமொறுப்பாக, நீர் புளிப்பு மணத்தோடு இருந்தால் சாப்பிடலாம். விருந்தாளி வரும் நாளில் மட்டும் திறக்காதீர்கள்.

அழுகல் நாற்றம் வேறு. சாக்கடை, இறந்த எலி, பழைய மீன் என்று உவமை தானாக வாயில் வரும். துண்டும் குழைந்திருக்கும். அதற்கு மருந்து இல்லை. "கொஞ்சம் வாயில் போட்டுப் பார்க்கிறேன்" என்று யாரையும் அனுமதிக்காதீர்கள். என் பெரியம்மா எந்த ஊறுகாயையும் நாக்கில் வைத்துத்தான் தீர்ப்புச் சொல்வார். மாங்காய்க்கு அது செல்லும். புளிப்பில்லாத காய்க்குச் செல்லாது. சில நஞ்சுக்கு ருசியும் இல்லை, மணமும் இல்லை.

மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறது

உப்புநீர்ச் சாடியில் தட்டையாக, மெல்லிய சுருக்கங்களோடு, பால் ஆடை போலப் படர்ந்திருந்தால் அது ஒருவகை ஈஸ்ட். ஆபத்தில்லாதது, ஆனால் ருசியைக் கெடுக்கும். கரண்டியால் வழித்தெடுத்து, துண்டுகள் நீருக்குள் அமிழ்ந்திருக்கும்படி மேலே சிறு பீங்கான் தட்டு வைத்து அழுத்தி, சாடியைக் குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள்.

பஞ்சு போல மயிர்மயிராக எழும்பியிருந்தாலோ, பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு என்று நிறம் காட்டினாலோ அது பூசணம். மேலே உள்ளதை வழித்துவிட்டு அடியில் இருப்பதைச் சாப்பிடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. கண்ணுக்குத் தெரிவது பூசணத்தின் தலைதான், வேர் போன்ற இழைகள் உள்ளே இறங்கியிருக்கும். முழுச் சாடியையும் கொட்ட வேண்டியதுதான். ஐந்து கிலோவையும் ஒரே சாடியில் போடாமல் சிறு சிறு சீசாக்களில் பிரித்துப் போட்டால் இழப்பும் சிறிதாக இருக்கும் என்பதை நான் நான்காவது சாடியில்தான் கற்றேன்.

எண்ணெய் ஊறுகாயில் பூத்தால் இரண்டு காரணங்கள்: ஈரக் கரண்டி, அல்லது எண்ணெய்க்கு மேலே தலை நீட்டிய துண்டு. துண்டுகளுக்கு மேல் அரை அங்குலம் எண்ணெய் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறை எடுத்த பிறகும் மேற்பரப்பைச் சமப்படுத்தி, குறைந்தால் காய்ச்சி ஆறிய நல்லெண்ணெய் ஊற்றுங்கள். துணியால் வேடு கட்டி வைப்பது வெயிலில் வைக்கும் நாட்களுக்கு மட்டும். மழைக்காலத்தில் அந்தத் துணி ஈரத்தை உறிஞ்சி உள்ளே இறக்கும்.

நுரை, குமிழ், உப்பிய மூடி

உப்புநீரில் போட்டிருந்தால் இரண்டாம் நாள் குமிழும், மூன்றாம் நாள் நீர் கலங்குவதும் எதிர்பார்க்க வேண்டியவை. பழைய சோற்றைப் புளிக்க வைக்கும் அதே இனத்து நுண்ணுயிர்கள்தான் இங்கேயும் வேலை செய்கின்றன. மூடியை இறுக்கிவிட்டு மறந்தால் வாயு சேர்ந்து சீசா வெடிக்கக்கூடும். நாள்தோறும் ஒருமுறை தளர்த்தி மூடுங்கள். எங்கள் ஊர் வெப்பத்தில் மூன்று நாள் போதும், அதன் பிறகு குளிர்பெட்டி. மூன்று வாரம் வெளியே வைக்கச் சொல்லும் குறிப்புகள் குளிர் நாட்டில் எழுதப்பட்டவை.

மூன்று நாளாகியும் குமிழே இல்லையா? குழாய்த் தண்ணீரில் குளோரின் மிகுந்திருக்கலாம். கொதிக்க வைத்து ஆற்றிய நீரில் போட்டுப் பாருங்கள். உப்பு மிகுதியாலும் தாமதமாகும்.

எண்ணெய்ச் சாடியிலோ வினிகர்ச் சாடியிலோ குமிழ் கிளம்பினால், நீங்கள் அழைக்காத ஏதோ ஒன்று உள்ளே வளர்கிறது. கொட்டுங்கள்.

மொறுமொறுப்பு இல்லை, கொழகொழவென்று இருக்கிறது

உப்பு குறைவு, அல்லது வெப்பம் அதிகம். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும். உப்புநீருக்கு அளவு எடுக்கும்போது தண்ணீரை மட்டும் அளந்து உப்புப் போடுவது எல்லோரும் செய்யும் பிழை. முள்ளங்கிக்குள் இருக்கும் நீரும் வெளியே வந்து அந்த உப்பைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஆகவே முள்ளங்கி, தண்ணீர் இரண்டின் எடையையும் கூட்டுங்கள். அரைக் கிலோ முள்ளங்கிக்கு அரை லிட்டர் தண்ணீர் என்றால் மொத்தம் 1000 கிராம். அதில் 3 சதவீதம், அதாவது 30 கிராம் உப்பு. சித்திரை, வைகாசியில் நான் 35 கிராம் போடுகிறேன். கரண்டிக் கணக்கை நம்ப வேண்டாம்: கல்லுப்பு ஒரு கரண்டியும் தூளுப்பு ஒரு கரண்டியும் ஒரே எடை இல்லை.

வினிகரில் போட்டது குழைந்தால் கொதிக்கக் கொதிக்க ஊற்றியிருப்பீர்கள். மெல்லிய வில்லைக்கு வெதுவெதுப்பே போதும்.

குழைந்ததோடு நீர் நூல் நூலாக இழுத்தால் வீண் ஆராய்ச்சி வேண்டாம், வெளியே போடுங்கள்.

நிறம் மாறிவிட்டது

வெள்ளை முள்ளங்கி மஞ்சளானால், மஞ்சள்தூள் போடாமலே ஆனாலும், அது இயல்பு. மேலே சொன்ன அதே காரச் சேர்மம் சிதையும்போது மஞ்சள் நிறமியும் உண்டாகிறது. ஜப்பானியரின் தக்குவான் ஊறுகாயின் மஞ்சளுக்கு இதுவே மூலம். கடையில் விற்பதில் சாயமும் சேர்ப்பார்கள். குளிரில் வைத்தால் மெதுவாக மாறும், வெளியே வைத்தால் விரைவாக.

சிவப்பு முள்ளங்கியின் நிறம் தோலில் மட்டும் இருப்பது. வினிகரில் போட்டால் தோல் வெளுத்து, நீர் சிவந்து, உள்ளே இருந்த வெள்ளையும் ரோஜா நிறமாகும். இதைக் கோளாறு என்று சொல்பவர்களுக்கு நான் ஒரு சீசா கொடுப்பதில்லை.

பூண்டுப் பல் நீலமாகவோ பச்சையாகவோ மாறினால் புளிப்பு பட்டதால் வந்த நிறம். சாப்பிடலாம்.

மேல் துண்டுகள் பழுப்பாகி வறண்டிருந்தால் காற்றுப் பட்டிருக்கிறது. அவற்றை எடுத்துவிட்டு மற்றதை அமிழ்த்துங்கள்.

கசக்கிறது

பத்துக்கு எட்டு முறை குற்றவாளி வெந்தயம். அது பொன்னிறம் தாண்டிச் சிவந்த கணமே இறக்க வேண்டும். சட்டியின் சூட்டிலேயே இன்னும் ஒரு பங்கு வறுபடும். கருகியதைப் பொடித்துச் சேர்த்துவிட்டால் வெல்லம் போட்டு ஓரளவு மறைக்கலாம், அவ்வளவே. அடுத்தது கடுகுப்பொடி. புதிதாகப் பொடித்த கடுகு முதல் சில நாள் கசக்கும், ஊறினால் தணியும். ஆகவே மூன்றாம் நாளே தீர்ப்பு எழுதாமல் பத்து நாள் பொறுங்கள். கடுகெண்ணெயில் முள்ளங்கி ஊறுகாய் போடுவது பஞ்சாபில் நெடுநாள் வழக்கம். அங்கே எண்ணெயைப் புகையும்வரை காய்ச்சி ஆறவிட்டே ஊற்றுகிறார்கள். அதைப் படித்துவிட்டுக் கடுகெண்ணெயைப் பச்சையாக ஊற்றியவர்களுக்கும் இதே புகார் வரும்.

காயே கசப்பானதாக இருந்தால்? தண்ணீர் காட்டாமல் வெயிலில் வாடிய பயிரில் காரமும் கசப்பும் ஏறும். தோலைச் சற்று ஆழமாகச் சீவி, உப்பில் ஊறவைத்துப் பிழிவதை இரண்டு முறை செய்தால் குறையும்.

உப்புக் கரிக்கிறது

தண்ணீர் ஊற்றித் தணிக்க நினைக்காதீர்கள். எல்லாக் கெடுதலும் அங்கேதான் தொடங்கும். உப்புச் சேர்க்காமல் வாட்டிய இன்னொரு கால் கிலோ முள்ளங்கியைச் சேருங்கள், புளியோ எலுமிச்சைச் சாறோ கூட்டுங்கள். முள்ளங்கிக்குத்தான் பஞ்சமில்லையே.

வினிகர் ஊறுகாய் சப்பென்று இருக்கிறது

சீசாவின் முதுகில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் செயற்கை வினிகர் பெரும்பாலும் 4 சதவீத அமிலம். அமெரிக்கக் குறிப்புகள் 5 சதவீதத்தை மனத்தில் வைத்து "வினிகரும் தண்ணீரும் சம அளவு" என்று சொல்கின்றன. அங்கே கலவை 2.5 சதவீதமாக நிற்கும். இங்கே அதே கணக்கில் 2 ஆகிவிடும். நம் வினிகருக்கு 5 பங்குக்கு 3 பங்கு தண்ணீர் என்று கலந்தால் அதே 2.5 கிடைக்கும். துண்டுகளை உப்புப் போட்டுப் பிழியாமல் போட்டால் அவை விடும் நீர் இதையும் நீர்க்க வைக்கும். இப்படிப் போட்டதைக் குளிர்பெட்டியில் வைத்து மூன்று நான்கு வாரத்தில் முடித்துவிடுங்கள்.

சந்தேகக்காரர்கள் புளிப்பின் அளவைக் காட்டும் பி.எச். தாள் வாங்கிச் சோதிக்கலாம்; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். 4.6க்குக் கீழே இருந்தாக வேண்டும், 4 அல்லது அதற்கும் கீழ் என்றால் நிம்மதி. காற்றுப் புகாத இடத்தில் வளர்ந்து உயிரைப் பறிக்கும் நஞ்சை உண்டாக்கும் பாட்டுலிசக் கிருமி 4.6க்குக் கீழே தலையெடுக்காது. மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் போட்ட எண்ணெய் ஊறுகாயில் இந்தத் தாள் உதவாது, மசாலா நிறமே அதில் ஏறிவிடும். அங்கே பாதுகாப்பு புளிதான். வாட்டிய அரைக் கிலோ துண்டுக்கு 100 கிராம் புளி, கெட்டியாகக் கரைத்து, எண்ணெயில் பச்சை வாடை போகச் சுண்டியது. அதோடு 50 கிராம் உப்பு. எண்ணெய் காற்றைத் தடுக்குமே தவிரக் கிருமியைக் கொல்லாது. அதிலும் பூண்டைப் பச்சையாக எண்ணெயில் அமிழ்த்தி வெளியே வைப்பதை அறவே விடுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் என் சாடி குளிர்பெட்டியில்தான் இருக்கிறது. அலமாரியில் ஓர் ஆண்டு நிற்கும் ஊறுகாய் வேண்டுமென்றால் மாங்காய் போடுங்கள்.

சிக்கு வாடை

எண்ணெய் பழசு, அல்லது சீசா அடுப்புக்குப் பக்கத்தில் வெளிச்சத்தில் நின்றது. திருத்த முடியாது.

நறுக்கும்போதே உள்ளே பஞ்சு

இது சாடியின் கோளாறில்லை, தொட்டியின் கோளாறு. பிடுங்கத் தாமதம், அல்லது காயவிட்டுத் திடீரென்று தண்ணீர் விட்டது. பஞ்சு பிடித்த முள்ளங்கி உப்பையும் எண்ணெயையும் உறிஞ்சிக்கொண்டு சவசவவென்று கிடக்கும். எந்த வகை ஊறுகாய்க்கும் ஆகாது. நடுவை எடுத்துவிட்டு ஓரத்தை மட்டும் வில்லையாக்கி, உப்பு மோரில் ஊறவைத்துக் காயவைத்தால் மோர் மிளகாய் போல வற்றலாகும், பொரித்துச் சாப்பிடலாம். அதற்கும் வெயில் வேண்டும் என்பது வேறு கதை.

பஞ்சாகிவிட்டது என்று தெரிந்த செடிகளைப் பிடுங்காமல் இரண்டை மட்டும் விட்டுவைக்கிறேன். பூத்து முடிந்ததும் கூர்மூக்கோடு பச்சைக் காய்கள் கொத்துக் கொத்தாக வரும். வடநாட்டுச் சந்தைகளில் இந்தக் காய்களை மோக்ரி என்று சொல்லிக் காய்கறியாகவே விற்கிறார்கள். நகத்தால் ஒடித்தால் பட்டென்று ஒடிய வேண்டும். விதை கடினமாகும் முன் பறித்து, காம்பு கிள்ளி, அதே 5க்கு 3 வினிகரில் போட்டால் கிழங்கைவிட மொறுமொறுப்பாக நிற்கின்றன. பிழியவும் வேண்டாம், வாட்டவும் வேண்டாம்.